தொப்பியைக் கழற்றிய உல்லாசப் பயணி

பத்து வருடமாக ஜெஸ்ரின் நோர்பரியில் செத்துப்போயிருந்தான். ஹவுன்ஸ்லோவில் உயிரோடு இருந்தான்.

லண்டனில் நோர்பரிப் பக்கம் இருந்தவள் மூத்த அக்கா றோஸ்மலர். கார்த்திகை, அதாவது நவம்பர், பிறந்ததும், இறந்த ஆன்மாக்களுக்காகக் கோயிலில் பெயர் கொடுக்கும்போது, ஐயா, அம்மா, சின்னையா என்று சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் தம்பியின் பெயரையும் சேர்த்துவிடுவாள். அதே லண்டனில் ஹவுன்ஸ்லோவில் இருந்தவள் இளைய அக்கா கிளறிற்றா. அவளும் தன் கோயிலில் அதே பெயர்களைக் கொடுப்பாள், தம்பியின் பெயரை மட்டும் விட்டுவிடுவாள். நோயாளிகள், பயணிகள், சிறையில் இருப்போர் என்று சுவாமியார் மன்றாடும்போது, 'பயணிகள்' என்ற சொல்லுக்கு அவள் தலை குனியும். அவனுக்கான இடம் அதுதான்.

2007ஆம் ஆண்டு ஆவணியில் றோஸ்மலர் தங்கைக்குப் போன் எடுத்தாள்.

"பத்து வருசம் முடியுது பிள்ளை. ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை பூசைக்குச் சொல்லியாச்சு. ஹோலும் புக் பண்ணிட்டன். வாசல்ல வைக்கிறதுக்குப் படம் ஒண்டு வேணும். கடைசிப் படம் உன்னட்டைத்தானே கிடக்கு."

"என்ன பூசை?"

"நினைவுப் பூசை. வேறென்ன, பிறந்தநாள் பூசையோ?"

"செத்ததை ஆர் கண்டது?"

"உயிரோட இருக்கிறதை நீ கண்டனியோ?"

இரண்டு பேரும் போனை வைத்துவிட்டார்கள். படத்தைத் தருகிறேன் என்றும் கிளறிற்றா சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தந்தால் அவன் இரண்டு வீட்டிலும் செத்தவனாகிவிடுவான். அது அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அந்தப் படம் பலெர்மோவில், அவன் புறப்பட்ட அன்று எடுத்தது. லண்டனுக்கு வருமுன் கிளறிற்றாவும் புருசன் யாக்கோப்பும் இத்தாலியின் அந்தத் தீவு நகரத்தில் பதின்மூன்று வருடம் இருந்தார்கள். அங்கே ஒரு வசதியான விதவையின் வீட்டில் அவளுக்குத் துப்புரவு வேலை. ஜெஸ்ரின் பிறகு வந்து சேர்ந்தவன். அவனுக்கு இத்தாலி பிடிக்கவில்லை, லண்டனில் பெரியக்காவிடம் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். 1997 புரட்டாசியில், எல்லாத் தமிழரோடும் புனித றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி இறங்கிய மறுகிழமை, புறப்பட்டான்.

கூட்டிப்போன ஏஜென்ற் இரண்டு கட்டளை போட்டிருந்தான். ஒன்று, சட்டைப்பையில் ஒரு துண்டு காகிதமும், ஒரு போன் நம்பரும் இருக்கக்கூடாது. மற்றது, "பிரான்ஸ் எல்லையில அகதி மாதிரி முழிக்கிறவனைத்தான் பொலிஸ் இறக்குவான். நீ உல்லாசப் பயணி மாதிரி இரு." அதற்காக ஜெஸ்ரின் கறுப்புக் கண்ணாடி போட்டான். பிலிம் இல்லாத ஒரு கமெராவைக் கழுத்தில் தொங்கவிட்டான். சிஞ்ஞோரா, அதுதான் அந்த விதவை, செத்துப்போன தன் புருசனின் வைக்கோல் தொப்பியைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள். நீலப் பட்டி சுற்றிய தொப்பி. லண்டன் போனதும் தபாலில் அனுப்பிவிடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவனும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். இரவல் பொருளில் அவன் அப்படித்தான். முன்பு ஒருமுறை யாரோ கொடுத்த குடையைத் திருப்பிக் கொடுக்கப்போய், மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தவன்.

ஐப்பசி கடைசியில் எல்லைக்குக் கிட்ட இருந்து போன் வந்தது. "அக்கா, நாளைக்கு எல்லை மாறுறம்." அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அதே கிழமை, எல்லையிலுள்ள சுரங்கத்துக்குள் நடந்துபோன இரண்டு தமிழ்ப் பெடியன்களை ரயில் அடித்துவிட்டதாக ஒரு கதை பரவியது. பெயர் வரவில்லை, உடல் வரவில்லை. றோஸ்மலர் அழுதுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். கிளறிற்றா அழவில்லை. கார்த்திகையில் அவர்கள் வீடு மாறினார்கள், போன் நம்பரும் மாறியது. சிஞ்ஞோரா சாகும்வரை தொப்பி வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

2003இல் இத்தாலிக் கடவுச்சீட்டோடு குடும்பம் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தது. ஹீத்ரோ விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடையில் கிளறிற்றாவுக்கு வேலை கிடைத்தது. இத்தாலியப் பயணிகள் வந்தால் மனேஜர் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் இத்தாலி மொழியைப் படித்தது சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்தபடி பார்த்த ரீவித் தொடர்களில். அதனால், மத்திய லண்டனில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பாக இத்தாலியப் பட்டப்படிப்பு இருக்கிறது, சினிமாவும் ரீவியும் கூடச் சேர்த்து என்று கேள்விப்பட்டதும் சேர்ந்துவிட்டாள்.

"படம் பாக்கிறதுக்கும் பட்டமோ?" என்றார் யாக்கோப்பு. "அப்பிடியெண்டால் இந்த வீட்டில எனக்கு எப்பவோ டொக்டர் பட்டம் தந்திருக்கவேணும்."

கடையில் கூட வேலைசெய்த குமுதா இன்னும் ஒருபடி மேலே போனாள். "அக்கா, ஹோம்வேர்க் எண்டு பொப்கோர்னும் குடுப்பினமோ?"

நாலாவது வருடம் வந்த பாடம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு ரீவித் தொடர் ஓர் ஊரை எப்படி உல்லாசப் பயணிகளின் ஊராக மாற்றுகிறது என்பது. படித்தது பிரான்ஸ் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடற்கரையூரில் எடுத்த துப்பறியும் தொடரை. தபால் கந்தோர்க்காரி ஒருத்தி கொலைகளைக் கண்டுபிடிப்பாள். தொடர் 1999இல் வந்தது. அதற்குமுன் அந்த ஊரில் ரயில் மாறுகிறவர்கள்தான் இறங்குவார்கள். இப்போது இங்கிலாந்திலிருந்து பஸ் பஸ்ஸாகக் கிழடுகட்டைகள் போய், இல்லாத தபால் கந்தோரின் யன்னலுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

விரிவுரையாளர் ஒரு ஆங்கிலப் பெண். ஒரு பயிற்சி கொடுத்தாள். "கதையைப் பார்க்கவேண்டாம். கதைக்குப் பின்னால் நடந்துபோகிறவர்களைப் பாருங்கள்."

தபால் கந்தோர்க்காரி கடற்கரை மதிலடியில் நின்று வக்கீலோடு வாதாடுகிறாள். நல்ல வெயில். பின்னால் உல்லாசப் பயணிகள் ஐஸ்கிறீம் குடிக்கிறார்கள். மதிலில் ஒருவன் இருக்கிறான், கறுவல், கையில்லாத பெனியன், கழுத்தில் கமெரா, நீலப் பட்டித் தொப்பி. கோயில் மணி அடிக்கிறது. அவன் எழும்புகிறான். தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைக்கிறான். இடக்கை மேலே கிளம்புகிறது. நெஞ்சுவரைக்கும் வந்து நின்று, கீழே விழுகிறது. வலக்கை எழும்பி நெற்றியில் சிலுவை போடுகிறது.

கிளறிற்றா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெஸ்ரின் இடக்கைக்காரன். ஊரில், குருநகர் ஞானோபதேச வகுப்பில், இடக்கையால் சிலுவை போட்டால் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர் பிரம்பால் போடுவார். அடி விழுந்ததே தவிரக் கை முழுதாக மாறவில்லை. வளர்ந்த பிறகும் இடக்கைதான் முதலில் வெளிக்கிடும், பாதி வழியில் அடி ஞாபகம் வரும், பிறகு வலக்கை. "தம்பி கைகாட்டி போடுறான், ரயில் வரப்போகுது" என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

கல்லூரி நூலகத்திலிருந்து அந்த டிவிடியை வாங்கிவந்தாள். அன்றிலிருந்து காலை ஷிப்ட் முடிந்து வந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்த இடத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும்தான் வேலை. அவன் எழும்புவான், தொப்பியைக் கழற்றுவான். அவள் நிறுத்துவாள். பின்னுக்கு ஓட்டுவாள். அவன் மறுபடியும் இருப்பான். சோறு வடிக்கும்போதும் அவன் மதிலில் இருக்கிறான் என்ற நினைப்பு முதுகில் குந்திக்கொண்டிருக்கும்.

"அம்மா, சீரியஸ்லி, இது கிறீப்பி" என்றாள் மகள் பியற்றிஸ், பள்ளிக்கூடப் பையை இறக்கியபடி. "முகமே தெரியேல்லை. நாலு புள்ளி."

"கையைப் பார். உன்ரை மாமாதான்."

"சரி, அடுத்த சீனைப் போடுங்கோ."

அதுதான் குழப்பம். தபால் கந்தோர்க்காரி வாதாடிவிட்டுத் திரும்பி நடக்கும் அடுத்த காட்சியிலும் மதிலில் அதே தொப்பி, அதே கமெரா. ஆனால் தொப்பிக்குக் கீழே இருந்தவன் வேறு ஆள். நெடுவல், தோள் அகலம்.

"பாத்தீங்களா? மாமா இல்லை. ஆரோ ஒரு எக்ஸ்ட்றா."

யாக்கோப்பு கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பகிடி விடவில்லை. "இஞ்சை பாரும்," என்றார் மெதுவாக, "அவன்தான் எண்டாலும், எல்லைக்குப் போன கிழமை அந்த ஊரால போயிருப்பான். கமெராவுக்குள்ள அம்பிட்டிருப்பான். அதுக்குப் பிறகுதானே சுரங்கம்."

"எப்ப எடுத்தது எண்டு தெரியவேணும்" என்றாள் கிளறிற்றா.

அக்காவுக்குப் போன் எடுத்து, பூசையை ஒரு கிழமை பிந்திப்போடச் சொல்லிக் கேட்டாள். றோஸ்மலர் வெடித்தாள். "நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. ரீவியில கண்டனாம்! நாளைக்கு மைக்ரோவேவுக்குள்ளயும் காணுவாய்."

"ஒரு ஆள் வருது அக்கா. வியாழக்கிழமை வகுப்புக்கு. அந்தத் தொடருக்கு இடம் பிடிச்சுக் குடுத்த ஆள். அவரைக் கேட்டிட்டுச் சொல்லுறன். அதுமட்டும் பொறு."

"வியாழன் மட்டும்தான்" என்றாள் றோஸ்மலர்.

வந்தவர் வெள்ளைத் தாடி வைத்த, கலகலப்பான இத்தாலியர். படப்பிடிப்புக் குழுக்களை ஊர்களுக்கு அழைத்துவருவது இப்போது அவருடைய உத்தியோகம். ஆங்கிலத்தில் பேசினார். கோடைகாலக் காட்சிகள் எல்லாவற்றையும் மாரியில், கடும் குளிர்காலத்தில்தான் எடுத்தோம் என்றார். கோடையில் அந்தக் கடற்கரையில் கமெராவை வைக்கவும் இடமிருக்காது, வாடகையும் கட்டுப்படியாகாது. மாரியில் ஊர் வெறுமை. "ஆகவே உல்லாசப் பயணிகளை நாங்களே உண்டாக்கினோம்."

வகுப்பு சிரித்தது. "எங்கிருந்து பிடித்தீர்கள்?" என்று ஒருவன் கேட்டான்.

"ரயில் நிலையத்தில்," என்றார் அவர். "எல்லை தாண்டக் காத்திருக்கிறவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு உடுப்புக்கூட நாங்கள் தேடவேண்டியிருக்கவில்லை. கண்ணாடி, கமெரா என்று ஏற்கனவே உல்லாசப் பயணி மாதிரித்தான் உடுத்திருந்தார்கள்."

மறுபடியும் சிரிப்பு. கிளறிற்றா கையை உயர்த்தினாள். ஆங்கிலம் வரவில்லை, பலெர்மோ இத்தாலியில்தான் கேட்டாள். மதிலில் இருந்தவனைப் பற்றி, மணியைப் பற்றி, தொப்பியைப் பற்றி. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வேகமும் அந்தத் தீவுப் பேச்சும் பிடிபடவில்லை. விரிவுரையாளருக்குப் பிடிபட்டது. அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

தாடிக்காரரின் கலகலப்பு அடங்கியது. "அந்த ஆளை நினைவிருக்கிறது. மணி எங்கள் கதையில் இல்லை. அன்றைக்கு பெப்ரவரி இரண்டு, கந்தெலோரா, மெழுகுதிரித் திருநாள். பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். இயக்குநருக்குக் கோபம். ஆனால் அவன் எழும்பித் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்ததும் அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். இங்கிலீஸ்காரன் என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தோம். யார் கேட்டாலும் லண்டனுக்குப் போகிறேன் என்பான்."

மாசி இரண்டு. காணிக்கை மாதா திருநாள். ஊரில் என்றால் மெழுகுதிரி மந்திரித்துக் கொடுப்பார்கள்.

"அடுத்த காட்சியில் இருக்கிறது வேறு ஆள்" என்றாள் கிளறிற்றா.

"ஓ, அதைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? மறுநாள் தொடர்ந்து எடுக்கவேண்டியிருந்தது. ஒரே உடுப்பு, ஒரே சாமான் இருக்கவேண்டும். அதனால் தொப்பியையும் கமெராவையும் இரவு எங்களிடம் வைக்கச் சொன்னோம். அவனுக்கு மனமில்லை. தொப்பி தன்னுடையது இல்லை, கவனமாக வைத்திருங்கள், காலையில் வருகிறேன் என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டுப் போனான். இரவு கடும் மழை. யாரோ வந்து அவர்களைக் கடல் ரோட்டால் கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். காலையில் ஒருவரும் வரவில்லை. நாங்கள் கிடைத்த ஒருவன் தலையில் தொப்பியை வைத்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார்.

"என் தம்பி."

வகுப்பு முடிந்து பிக்கடிலி லைனில் ஏறினாள். ஹீத்ரோ போகிற ரயில், பெட்டிகளும் தொப்பிகளுமாக உல்லாசப் பயணிகள் நிறைந்திருந்தார்கள். மூன்று மாதம் அவன் அந்த நிலையத்தில் நின்றிருக்கிறான். ஏன் போன் எடுக்கவில்லை? கேட்கும்போதே பதிலும் வந்துவிட்டது. அவன் மனப்பாடமாக வைத்திருந்தது ஒரே ஒரு நம்பர். பழைய வீட்டு நம்பர். கார்த்திகை, மார்கழி, தை என்று வெறும் வீட்டுக்குள் அந்த மணி அடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. முன் இருக்கையில் ஒரு பெண் வைக்கோல் தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளறிற்றா இறங்கும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். கேட்டு முடித்துத்தான் றோஸ்மலர் வாய் திறந்தாள்.

"அப்ப அந்தக் கார்த்திகையில நான் பெயர் குடுக்கேக்கை..."

"ஓம்."

"உயிரோட நிண்டவன்."

"ஓம் அக்கா."

"மாரிக் குளிருக்குள்ள பெனியனோட நிண்டிருக்கிறான், நான் இஞ்சை செத்தவனுக்கெண்டு நித்திய இளைப்பாற்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு திடீரென்று குரல் ஏறியது. "எடியேய், அப்ப இவ்வளவு காலமும் பிழையா இருக்கலாமெல்லே? மூண்டு மாசம் பிழையெண்டால் பத்து வருசமும் பிழைதான். எங்கையோ இருப்பான். பிரான்ஸிலயோ, ஜெர்மனியிலயோ. நான் பூசையை நிப்பாட்டுறன். சாப்பாட்டுக்காரனுக்கு இப்பவே போன் எடுக்கிறன்."

இத்தனை வருடம் அக்காவின் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல். கிளறிற்றா சுவரில் சாய்ந்தாள். யாக்கோப்பு தேத்தண்ணீரோடு வந்து, குடுக்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

"ஐப்பசியில வைக்கிறதை நிப்பாட்டு," என்றாள் கிளறிற்றா. "ஆனால் பூசையை விடாதை. மாசி இரண்டுக்கு மாத்து."

"என்னடி சொல்லுறாய்?"

"காலமை வாறன் எண்டு சொன்னவன் வரேல்லை."

"எல்லை தாண்ட ஆள் வந்திருப்பான், போயிருப்பான். தாண்டுறவன் தொப்பிக்கு நிப்பானோ?"

"தாண்டினவன் பிறகு எடுத்திருப்பான் அக்கா. அந்தக் கொம்பனிக்கு எழுதியிருப்பான், ஆரையாவது அனுப்பியிருப்பான். சிஞ்ஞோராவிட்டையாவது மன்னிப்புக் கேட்டிருப்பான். அவ செத்தது 2001இல. எங்கடை நம்பர்தான் மாறினது. அவவின்ரை வீடு அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச வீடு. ஒருத்தரும் அந்தக் கதவைத் தட்டேல்லை."



"இரவல் குடைக்கு மழையில நடந்தவன்" என்றாள் றோஸ்மலர், யாருக்கோ சொல்வதுபோல.

"படம் கொண்டுவந்து தாறன்" என்றாள் கிளறிற்றா.

2008 மாசி இரண்டாம் திகதி சனிக்கிழமையாக அமைந்தது. நோர்பரியில் பூசை நடந்தது. வாசலில், கறுப்புக் கண்ணாடியும் நீலப் பட்டித் தொப்பியுமாகச் சிரிக்கிற உல்லாசப் பயணியின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். தெரியாத சிலர், "நல்ல வசதியா இருந்த பெடியன் போல" என்று பேசிக்கொண்டார்கள். சுவாமியார் பெயரை வாசித்தபோது இரண்டு அக்காமாரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. கணவாய்க் கறி மட்டும் கொஞ்சம் உறைப்பு என்று யாக்கோப்பு சொன்னார்.

கிளறிற்றா தன் ஆய்வை எழுதி முடித்துக் கொடுத்தாள். டிவிடியையும் நூலகத்தில் கொடுத்துவிட்டாள். விட்டது என்று நினைத்தாள்.

சித்திரையில் ஒருநாள் ஹீத்ரோவில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. ஊழியர் கன்ரீனில் சுவரில் ஒரு ரீவி, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே குமுதா இடியப்பப் பெட்டியைத் திறந்துகொண்டு ஏதோ சொல்ல, கிளறிற்றா தலையை நிமிர்த்தினாள். தபால் கந்தோர்க்காரி மதிலடிக்கு வந்துகொண்டிருந்தாள். பழைய தொடரை மத்தியானத்தில் மறுபடி போடுகிறார்கள்.

மணிச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அவன் எழும்பினான். தொப்பியைக் கழற்றினான். இடக்கை பாதிவரைக்கும் வந்து விழுந்தது.

குமுதாவும் திரும்பிப் பார்த்தாள். "என்ன வெயில், என்ன கடல்! அக்கா, இது நீங்கள் படிச்ச இடமெல்லே? லீவுக்கு இப்பிடி ஒரு இடத்துக்குத்தான் போகவேணும்."

"ஓம்," என்றாள் கிளறிற்றா. "மாசியில போகாதை. சரியான குளிர்."